தீ விபத்துக்கு மட்டும்

எங்கள் வெள்ளூரணிப் பேரூராட்சி அலுவலகத்தில் இரண்டு மேசைகள் உண்டு. ஒன்று குடிநீர்ப் பிரிவு, இன்னொன்று சுகாதாரப் பிரிவு. நடுவில் ஒரு பச்சை பீரோ. குடிநீர்ப் பிரிவு ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் குழாயில் தண்ணீர் விடும். காய்ச்சல் காலத்தில் சுகாதாரப் பிரிவு வெள்ளிக்கிழமைதோறும் வீடு வீடாக வந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகும். இரண்டுமே ஊர் நன்மைக்குத்தான். பீரோவைச் சுற்றி வந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு அலுவலக நடைமுறை தெரியாது என்று அர்த்தம். ஒரு பிரிவு இன்னொரு பிரிவிடம் பேச வேண்டுமானால் கடிதம் விருதுநகர் போய்த் திரும்ப வேண்டும். போன கடிதம் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

இது நடந்தது 2006-இல். அந்த ஆவணியில் எங்கள் ஊருக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சலைப் பற்றி நான் கேலி பேச மாட்டேன். பதினெட்டு நாள் அதனிடம் அடி வாங்கியவன் நான். நாலைந்து நாளில் காய்ச்சல் போய்விடும், வலி மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிடும். செருப்பு மாட்டக் குனிந்தவர்கள் நிமிர்வதற்கு ஆள் கூப்பிட்டார்கள். தீபாவளி சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் பாதி ஆளோடு போயின. வீட்டில் பிடித்து வைக்கும் தண்ணீரில் வளரும் கொசுதான் இதைப் பரப்புகிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. பதினான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் பிடித்து வைக்காத தண்ணீர் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதையும் கூடவே யாராவது சொல்லியிருக்கலாம்.

பேரூராட்சி உடனே களத்தில் இறங்கியது. முதல் வேலையாகச் சிவகாசியில் சுவரொட்டி அடித்தார்கள். காலண்டர் அடிக்கிற அச்சகம் என்பதால் கொசுவைப் பல வண்ணத்தில், பளபளவென்று, கண்ணுக்கு மை தீட்டினாற்போல் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் அதைக் கிழித்துக்கொண்டு போய் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது வேலையாக 'உலர் வெள்ளி' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை யார் வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. இருந்தால் கொட்டப்படும். வாசலில் 'இவர் கொசுவின் நண்பர்' என்று சீட்டு ஒட்டப்படும்.

பஸ் நிறுத்தத்தில் மேடை போட்டுச் செயல் அலுவலர் பேசினார்.

"இது என் டிரம், இது என் தண்ணீர் என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். கொசு அப்படிப் பார்க்கிறதா? ஏழை வீடு, பணக்காரர் வீடு என்று அதற்கு வித்தியாசம் உண்டா? கொசுவுக்கு இருக்கும் சமத்துவ மனப்பான்மைகூட நமக்கு இல்லையே! பொது நன்மை என்றால் என்ன? ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனால் அது பொது நன்மை ஆகாது. யாருக்குமே கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகம்!"

கூட்டம் கை தட்டியது. கை தட்ட முடியாதவர்கள் மணிக்கட்டு வீங்கியவர்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் எழுந்து நின்றான். பெயர் பெத்தணன். கனகசபாபதி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். நாற்பது வயது. அதுவரை மேடையைப் பார்த்து எதுவும் கேட்டறியாதவன்.

"அய்யா, கொசு போகாதபடிக்கு டிரம்மை மூடிக் கட்டி வச்சுக்கிட்டா ஆகாதா?"

"மூடுவது தனி மனிதர் விருப்பம். எல்லோரும் ஒழுங்காக மூடுவார்கள் என்று அரசாங்கம் எப்படி நம்ப முடியும்? எல்லோரும் ஒழுங்காகக் கொட்டுவார்கள் என்றும் நம்ப முடியாது. அதனால்தான் கொட்டுவதற்கு ஆள் போட்டிருக்கிறோம்."

"தண்ணியில ஊத்துற புழு மருந்து ஒண்ணு வந்துருக்குன்னு சொன்னாகளே?"

"வந்திருக்கிறது. ஒரு கேன். ஒரே ஒரு கேன். அதைத் திறந்தால் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் இருப்பில் மருந்தே இல்லை என்று பத்திரிகையில் எழுதுவார்கள். ஆகவே அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம்."

பெத்தணன் உட்கார்ந்துவிட்டான். பதில் முழுசாக வந்துவிட்டது.

அவனைச் சட்டத்தை மதிக்காதவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் பெண்டாட்டி வள்ளித்தாய் படுத்து அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. அவள் படுத்த அன்றைக்கே வீட்டிலிருந்த நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். அவளுக்குக் கல்யாணச் சீராக வந்த டிரம் அது. உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "நம்மளே வளத்து நம்மளே கடி வாங்கியிருக்கோம் புள்ள" என்று தலையில் அடித்துக்கொண்டான். வெட்கமாகிப் போயிற்று. இருந்த கடைசித் தண்ணீரையும் தன் கையாலேயே தெருவில் கொட்டி, டிரம்மைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் காயவைத்தான். அடுத்த வியாழன் தண்ணீர் வந்ததும் பிடித்து நிரப்பி, அவளுடைய பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து டிரம்மின் வாயில் போட்டு, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். அந்த ஊரில் கொசு நுழைய முடியாத முதல் டிரம் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுகாதார ஆய்வாளர் ஊர்க்காவலன் இரண்டு ஆட்களோடு வந்தார். உள்ளூர்க்காரர்தான், மூன்று தெரு தள்ளித்தான் வீடு. ஆனாலும் படிவத்தைக் கையில் எடுத்துவிட்டால் அவர் வாயிலிருந்து அச்சடித்த தமிழ்தான் வரும்.

"நீர் உள்ளதா, இல்லையா?"

"இருக்குங்கய்யா. ஆனா மூடி கட்டியிருக்கேன். வேணும்னா அவுத்துப் பாருங்க, ஒரு புழு கெடையாது."

ஊர்க்காவலன் டார்ச் அடித்துப் பார்த்தார். புழு இல்லைதான். படிவத்தைப் பார்த்தார். அதில் இரண்டே கட்டம். 'நீர் உள்ளது', 'நீர் இல்லை'. மூடிய நீருக்குக் கட்டம் கிடையாது.

"உள்ளது" என்று குறித்தார். "கொட்டுங்கள்."

"அய்யா, அடுத்த தண்ணி வர பதிமூணு நாளாகும்."

"அது குடிநீர்ப் பிரிவு சம்பந்தப்பட்ட விஷயம். அவர்களுக்கு எழுதுங்கள்."

"நான் கம்பெனியில மருந்து கலக்குறவன். வந்தா குளிக்கணும். குளிக்காம அடுப்புகிட்டப் போக முடியாது. அவளுக்கோ எந்திரிக்க முடியல. நான்தான் கஞ்சி காய்ச்சணும்."

அவன் சொன்னது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மருந்து கலக்கிறவன் சாயங்காலம் வீடு திரும்பும்போது தலைமுடி முதல் கால் நகம் வரை அலுமினியப் பொடி அப்பியிருக்கும். வெள்ளியில் வார்த்த ஆள் மாதிரி வேனிலிருந்து இறங்குவான். பார்க்க அழகுதான். அப்படியே போய் அடுப்புப் பற்றவைத்தால் அந்த அழகு நிலைக்காது. கம்பெனியிலும் குளிக்கக் குழாய் உண்டு. நாற்பது பேருக்கு இரண்டு குழாய். முகம் கழுவுவதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிடுவார்.

"உங்கள் சிரமம் புரிகிறது" என்றார் ஊர்க்காவலன். "என் வீட்டு டிரம்மையும் நானேதான் கொட்டினேன். அரசு ஆணை எல்லோருக்கும் ஒன்றுதான்." அது உண்மை. மனுஷன் முதல் வெள்ளியன்றே தன் வீட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் தெருவுக்கு வந்திருந்தார். நேர்மையான ஆள் கையில் ஒரு முட்டாள்தனமான படிவம் கிடைத்தால் தப்பிக்க வழியே இல்லை. லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் ஊர் என்றைக்கோ குளித்திருக்கும்.

டிரம் கவிழ்ந்தது. வாசலில் சீட்டு ஒட்டினார்கள். கொசு நுழைய முடியாத ஒரே வீட்டின் கதவில் 'இவர் கொசுவின் நண்பர்' என்று எழுதியிருந்தது.

அதன் பிறகு ஊரில் தண்ணீரை ஒளித்து வைக்கிற கலை வளர்ந்தது. பக்கத்து வீட்டுப் பாலம்மாள் தொட்டிலுக்குள் தூக்குச்சட்டியை வைத்து, துணி போர்த்தி, ஆய்வாளர் வரும்போது தாலாட்டுப் பாடினாள். அவளுக்கு வயது ஐம்பத்தேழு. தாலாட்டு நடுவில் தொட்டில் ஒழுகியது. "பிள்ளை நனைத்துவிட்டது" என்று அவள் சொன்னதை ஆய்வாளர் படிவத்தில் எழுதிக்கொண்டு, பிள்ளையையும் கொட்டச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பூஜை அறையில் பன்னிரண்டு குடத்தை வரிசையாக வைத்துக் கும்பாபிஷேகம் என்றார். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டதும் மனுஷன் முதல் குடத்தைத் தானே தூக்கிக் கவிழ்த்தார்.

பெத்தணனுக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் வராது. நேர்வழியில் போக நினைத்தான். திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினான். அங்கே ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தான். என் தண்ணீரை நானே மூடி வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவை இரண்டு தரம் படித்தார்.

"தண்ணீர் எங்கே?"

"கொட்டிட்டாகளே, அய்யா."

"தண்ணீர் இல்லாதபோது தண்ணீர் வைத்துக்கொள்ள எப்படி அனுமதி தருவது? மனுவுக்கு ஆதாரம் வேண்டாமா? மாதிரி எடுத்து வாருங்கள். தண்ணீர் வந்த பிறகு வாருங்கள்."

"வியாழக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை கொட்டிருவாகளே."

"அப்படியானால் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள்."

"மனு திங்கட்கிழமைதான வாங்குவீக?"

"ஆமாம்" என்றார் அவர், அன்போடு. "மறக்காமல் திங்கட்கிழமை வாருங்கள்."

பெத்தணன் ஊர் திரும்பினான். அந்த இரண்டு வாரமும் அவன் பன்னும் வாழைப்பழமும் தின்றான். வள்ளித்தாய்க்குப் பாலம்மாள் தன் ஒளிவுத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குளிக்காமலேயே வெளிவாசலில் படுத்தான். ஊருக்கே காய்ச்சல் அடிக்கிறது, நாலு பேருக்காகத்தானே செய்கிறார்கள் என்று ஒரு மனது சொல்லும். வள்ளித்தாய் உள்ளே முனகும்போது இன்னொரு மனது பல்லைக் கடிக்கும்.

வழி கம்பெனியில் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஊர்க்காவலன் படையோடு கம்பெனிக்கே வந்துவிட்டார். மருந்து ஷெட்டுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு டிரம் தண்ணீர், ஒரு வாளி மணல் வைத்திருப்பார்கள். வெடித்தால் அணைப்பதற்கு. அந்தத் தண்ணீர் எப்போது பிடித்து வைத்ததோ, உள்ளே கொசுப்புழு தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. ஊர்க்காவலன் கொட்டச் சொல்லிக் கையைத் தூக்கியபோது கனகசபாபதி முதலாளி மெதுவாக நடந்து வந்து டிரம்மைத் திருப்பிக் காட்டினார். சிவப்புப் பெயிண்ட். அதன் மேல் வெள்ளை எழுத்து. 'தீ விபத்துக்கு மட்டும்.'

"இதைத் தொட்டா தீயணைப்பு டிப்பார்ட்மெண்ட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், சார்" என்றார் முதலாளி.

ஊர்க்காவலன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். டிரம்முக்கு வணக்கம் வைக்காததுதான் பாக்கி. மருந்து ஷெட் வாசலில் நின்று பெத்தணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழன் தண்ணீர் வருவதற்கு முன்பே அவனுடைய நீல டிரம் சிவப்பாகிவிட்டது. எழுத்து கொஞ்சம் கோணல், ஆனாலும் வாசகம் சுத்தம். மறுநாள் வந்த ஊர்க்காவலன் வாசலிலேயே நின்றுவிட்டார். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'தீயணைப்பு நீருக்கு இவ்வாணை பொருந்தாது.' யாருடைய தீ, எந்த இடத்துத் தீ என்று அதில் சொல்லவில்லை.

அவர் போய்விட்டார். பெத்தணன் அன்று சாயங்காலம் குளித்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு தலையில் தண்ணீர் விழுந்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது, நானே பார்த்தேன். பிறகு அடுப்புப் பற்றவைத்து ரசம் வைத்தான். வள்ளித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

"புளி கூடிப்போச்சு" என்றாள். அவள் குணமாகிக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

அதற்கடுத்த வியாழனுக்குள் தெரு முழுக்கச் சிவப்பு. கடையில் சிவப்புப் பெயிண்ட் தீர்ந்து சிவகாசியிலிருந்து வரவழைத்தார்கள். அறுபத்தொரு வீட்டில் அறுபத்தொரு டிரம். ஒருவர் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியிலும் எழுதிவிட்டார். ஆடு தினமும் தீ விபத்துக்கான தண்ணீரைக் குடித்தது.

இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். பெத்தணனிடமிருந்து பெயிண்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு துணியை விட்டுவிட்டார்கள். ஆய்வாளரைத் துரத்திய சிவப்பு கொசுவையும் துரத்திவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் டிரம்மை மூடவில்லை. பத்தே நாளில் தெருவில் புதிதாக ஒன்பது பேர் படுத்தார்கள். பாலம்மாளும் படுத்தாள். கஞ்சி கொடுத்த கை, விரல் மடங்காமல் கிடந்தது.

பெத்தணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"அந்த ஆபீசர் மேடையில சொன்னது நெசந்தான் புள்ள. எல்லாரும் ஒழுங்கா மூடுவாகன்னு நம்ப முடியாதுன்னாரு. நான் பாட்டுக்குத் தப்பிக்க வழி காட்டிட்டு வந்துட்டேன். பாலம்மா அக்கா என்னாலதான் படுத்துருக்கு."

"அவரு நம்ப முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றாள் வள்ளித்தாய். "நாம போயி கட்டிட்டு வருவோம். அம்புட்டுத்தான. அந்தப் பெட்டியில இருக்கிற பழைய சேலைய எடுங்க."

வீங்கிய விரலால் அவள் சேலை கிழித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெத்தணன் வீடு வீடாகப் போனான். "அதான் செவப்பு அடிச்சாச்சுல்ல?" என்று நாலு பேர் கேட்டார்கள். அவன் டார்ச்சை அடித்து உள்ளே காட்டினான். புழுவைப் பார்த்ததும் அவர்களே தண்ணீரை வடிகட்டித் துணியைக் கட்டிக்கொண்டார்கள். சொல்லியும் கேட்காதவர்களிடம் பாலம்மாள் கட்டிலில் படுத்தபடியே ஆள் அனுப்பினாள். அவள் வாய்க்கு எதிர்வாய் பேச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அன்று பொழுது சாய்வதற்குள் அறுபத்தொரு டிரம்முக்கும் வாய்க்கட்டு விழுந்தது. அதற்காக எந்த மேசையிலும் ஒரு கடிதம்கூட நகரவில்லை. அடுத்த மூன்று வாரம் தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. பாலம்மாளும் குச்சியை ஊன்றி எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

காய்ச்சல் ஓய்ந்த நிம்மதியில் நாங்கள் இருந்தபோது, ஊர்க்காவலனின் வாராந்திர அறிக்கை செயல் அலுவலர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. 'தீயணைப்பு நீர் உள்ள வீடுகள்: 61.' செயல் அலுவலர் அதைப் பட்டாசுத் தொழிற்சாலைகளை ஆய்வு செய்கிற குழுவுக்கு அனுப்பினார். விருதுநகர் வழியாகப் போன கடிதங்களில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

தண்ணீர் வந்து எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு ஜீப்புகள் தெருவுக்குள் வந்தன. பெத்தணன் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி, உடம்பெல்லாம் வெள்ளிப் பொடியோடு வாசலில் கால் வைத்திருந்தான். முன்னால் குழுத் தலைவர், பக்கத்தில் செயல் அலுவலர், பின்னால் படிவத்தோடு ஊர்க்காவலன்.

குழுத் தலைவர் டிரம்மைச் சுற்றி வந்தார். தெரு கேட்கும்படி பேசினார்.

"தீயணைப்பு நீர் இருக்கிறது. தீயணைப்பு நீர் இருந்தால் தீ வர வாய்ப்பு இருக்கிறது. தீ வர வாய்ப்பு இருந்தால் வெடிமருந்து இருக்கிறது. வெடிமருந்து இருந்தால் பட்டாசு செய்கிறீர்கள். பட்டாசு செய்தால் லைசென்ஸ் எங்கே?"

"அய்யா, இது வீடுங்கய்யா."

"அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். என் இருபது வருட சர்வீஸில் நான் கண்டுபிடித்த கள்ளப் பட்டாசு ஷெட் ஒவ்வொன்றும் முதலில் வீடாகத்தான் இருந்தது." உள்ளே எட்டிப் பார்த்தார். "அடுப்பு வேறு இருக்கிறது! மருந்து ஷெட்டில் அடுப்பா? எவ்வளவு பெரிய விதிமீறல்! சீல் வையுங்கள். இந்த வீட்டில் தொடங்கி அறுபத்தொன்றுக்கும்."

"மருந்தே இல்லையேங்கய்யா!"

குழுத் தலைவர் அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சாயங்கால வெயிலில் பெத்தணன் மின்னினான்.

"இதோ நிற்கிறதே. கிலோக் கணக்கில்."

"கம்பெனியில ஒட்டுனது. குளிச்சாப் போயிரும். இந்தா, இப்பவே குளிச்சுர்றேன்." அவன் டிரம்மின் கயிற்றில் கை வைத்தான்.

"ஒரு நிமிடம்" என்றார் ஊர்க்காவலன். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது, ஆனாலும் படிவம் கையில் இருந்தது. "தீ விபத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. குளித்தால் அது குளிக்கிற தண்ணீர் ஆகிவிடும். குளிக்கிற தண்ணீராக இருந்தால் நான் மிச்சத்தைக் கொட்ட வேண்டும்."

"குளிக்காவிட்டால் மருந்து இருக்கிறது என்று பொருள்" என்றார் குழுத் தலைவர். "நான் சீல் வைக்க வேண்டும்."

செயல் அலுவலருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தாயா அப்பா, உனக்கு எவ்வளவு சுதந்திரம்! கொட்டுவதா, சீல் வைப்பதா என்று அரசாங்கம் உன்னையே முடிவு செய்யச் சொல்கிறது."

பெத்தணன் நின்றான். தண்ணீர் வர இன்னும் ஆறு நாள். டிரம்மில் பாதி இருந்தது. உள்ளே எழுந்து நடக்கத் தொடங்கிய பெண்டாட்டி. சீல் வைத்தால் அவள் தெருவில், தெருவே தெருவில்.

வள்ளித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையில் செம்பு. யாரிடமும் எதுவும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தாள், துணியை எடுத்தாள், செம்பை முக்கி அவன் தலையில் ஊற்றினாள். இன்னொன்று. இன்னொன்று. முட்டி வலியில் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஊற்றினாள். வெள்ளி கரைந்து கறுப்பாக ஓடியது. உள்ளேயிருந்து பெத்தணன் என்ற ஆள் வெளியே வந்தான். பிறகு அவள் பாலம்மாளைக் கூப்பிட்டாள். குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவளும் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு நோயாளிகளும் சேர்ந்து டிரம்மைச் சாய்த்தார்கள். மிச்சத் தண்ணீர் மூன்று அதிகாரிகளின் ஷூவுக்குள்ளும் புகுந்து தெருவுக்குப் போனது.

"தண்ணி இல்ல. மருந்து இல்ல. தீயும் இல்ல" என்றாள் வள்ளித்தாய், மூச்சு வாங்கிக்கொண்டு. "எழுதிக்கிடுங்கய்யா."

மூன்று பேரும் எழுதினார்கள். எழுதாமல் இருக்க வழியில்லை, எல்லாக் கட்டமும் சரியாகப் பொருந்தியது. மற்ற அறுபது வீட்டின் கதி என்ன என்று குழுத் தலைவர் தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் செம்போடு, டிரம்மில் கை வைத்துத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்தார். 'அனைத்தும் அவ்வாறே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். செயல் அலுவலரும் அதே ஜீப்பில் தொற்றிக்கொண்டார். அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சலை ஒழித்ததற்காகச் சால்வை போர்த்தினார்கள், அது வேறு விஷயம்.

ஊர்க்காவலன் மட்டும் படிவத்தை மூன்று நகல் எடுத்து முடிக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து நடந்த மனுஷன். முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். பிறகு, எதையும் யோசிக்காமல், எங்கள் பக்கத்தில் யார் வீட்டு வாசலிலும் நின்று யாரும் கேட்கிறதைக் கேட்டார்.

"கொஞ்சம் குடிக்கத் தண்ணி குடுங்கம்மா."

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

வள்ளித்தாய் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று அவள் சொன்னதே கிடையாது. கைக்குழந்தைக்கு வைத்திருந்ததைக்கூட வழிப்போக்கனுக்கு ஊற்றிக் கொடுக்கிற குடும்பத்தில் பிறந்தவள்.

"இல்லைங்கய்யா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "இந்த வாயால இப்படிச் சொல்ல வச்சுப்புட்டீகளே."

ஊர்க்காவலன் தலையைக் குனிந்துகொண்டார்.

பாலம்மாள் நொண்டியபடி தன் வீட்டுக்குப் போனாள். ஒரு குடத்தோடு வந்து வள்ளித்தாயின் காலி டிரம்முக்குள் ஊற்றினாள். எதிர்வீட்டுக்காரர் ஒரு குடம் கொண்டுவந்தார். பிறகு அடுத்த வீடு. வரிசையாக வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டிரம் கால்வாசி நிறைந்ததும் வள்ளித்தாய் முதல் செம்பை எடுத்து ஊர்க்காவலனிடம் நீட்டினாள். அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார். குடித்துவிட்டு டிரம்மைப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். 'நீர் இல்லை' என்று மூன்று நகலிலும் மசி காய்ந்திருந்தது.

"எழுதுனதை அடிச்சுத் திருத்தணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்" என்றார். "இப்பப் போயி யாரு விருதுநகருக்கு எழுதிக்கிட்டு இருக்கிறது?"

அவர் வாயில் ஊர்த் தமிழை நாங்கள் கேட்பது அந்தக் காய்ச்சல் காலத்தில் அதுதான் முதல் தடவை. போவதற்குத் திரும்பியவர், நாலடி வைத்துவிட்டு மறுபடி வந்தார். டிரம்மின் வாயில் வள்ளித்தாய் துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எப்படி முடிச்சுப் போடுகிறாள் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயி, இந்தத் துணி இன்னொரு துண்டு இருக்குமா?"

"எதுக்குங்கய்யா?"

"என் வீட்டுக்கு" என்றார் ஊர்க்காவலன். "எங்க வீட்டுலயும் அவ எந்திரிக்க முடியாமத்தான் கெடக்கா. இன்னையோட இருபது நாளாச்சு."

வள்ளித்தாய் பெட்டியிலிருந்து சேலையை எடுத்துவரச் சொல்லி, அகலமாக ஒரு துண்டு கிழித்து, இரண்டாக மடித்துக் கொடுத்தாள்.